அடைபட்ட எல்லைகளும் அன்றாடச் சாலைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லைகள் அடைக்கப்பட்டபோது பட்ட பாட்டையும், வாழும் நாட்டின் சாலைகளைப் பற்றிய கவலைகளையும் எழுதி அனுப்பும்படி வெளிநாடுகளில் வசிக்கும் வாசகர்களை இப்பகுதியில் கேட்டிருந்தேன். இவை தனித்தனிப் பொருள்கள் என்று கருதித்தான் கேட்டேன். வந்த கடிதங்களில் பலவும் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியிருந்தன. அவற்றுள் ஆறினைச் சுருக்கி இங்கே தந்திருக்கிறேன். எழுதியவர்கள் விரும்பியபடி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: பதினோரு ஆண்டுகளாகத் தாய்லாந்தில் பணிபுரிகிறேன். 2020ஆம் ஆண்டு முழுவதிலும் இந்நாட்டில் கோவிடால் இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. இதே நாட்டின் சாலைகளில் ஆண்டுதோறும் பல ஆயிரம் பேர் சாகிறார்கள். நூறு பேருக்கும் குறைவான சாவுக்காக நாட்டையே பூட்டி வைத்த அரசு, ஆயிரக்கணக்கில் சாவோருக்காக அதே வேகத்தைக் காட்டவில்லையே! இது பாசாங்கு இல்லையா?
– ஒரு பொறியாளர், பாங்காக்

பதில்: தாங்கள் தந்திருக்கும் எண்கள் சரியானவை. அவற்றைக் கொண்டு தாங்கள் வந்திருக்கும் முடிவில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன், மறுபாதியை ஏற்க முடியவில்லை.

ஏற்க முடியாத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020இல் சாவு குறைந்திருந்ததற்கு, கதவு அடைக்கப்பட்டது ஒரு முக்கியக் காரணம். மார்ச் 26 அன்று நெருக்கடிநிலை ஆணை நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் உள்ளே வந்த ஒவ்வொருவரும் 14 நாட்கள் தனிமையில் வைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டில் உருமாறிய டெல்டா கிருமி அந்த வேலியைத் தாண்டியபோது என்ன நடந்தது என்பதைத் தாங்கள் அங்கிருந்தே பார்த்திருப்பீர்கள். 2021 முடியும்போது தாய்லாந்தில் கோவிட் மரணங்கள் 21 ஆயிரத்தைக் கடந்துவிட்டன. அதே 2021இல் அந்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் ஏறக்குறைய 18 ஆயிரம் பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பல கட்டுப்பாடுகள் நீடித்த நிலையிலும் ஒரே ஆண்டில் கிருமி சாலையை முந்திவிட்டது. ஒரு சாலை விபத்து அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் இன்னொரு விபத்தை உண்டாக்குவதில்லை. தொற்று அதைத்தான் செய்கிறது. இரண்டாகி, நான்காகி, எட்டாகும் ஒன்றைத் தடுக்க முதல் வாரத்திலேயே கதவை அடைத்த எந்த அரசையும் நான் குறைகூற மாட்டேன்.

இனி, ஏற்கும் பாதி. பெருந்தொற்றின்போது நாள்தோறும் நண்பகலில் அரசின் மேலாண்மை மையம் தொலைக்காட்சியில் தோன்றி, இன்று இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை மரணம், எந்த மாகாணத்தில் எத்தனை என்று அறிவித்தது. அந்த எண்ணுக்காக நாடே காத்திருந்தது. சாலை மரணங்களுக்கும் அந்நாட்டில் இதே வழக்கம் உண்டு, ஆனால் ஆண்டில் இரண்டு முறை மட்டுமே. புத்தாண்டையொட்டியும் ஏப்ரல் நடுவில் வரும் சோங்க்ரான் திருநாளையொட்டியும் வரும் ‘ஏழு அபாய நாட்கள்’ ஒவ்வொன்றிலும் முந்தைய நாளில் இறந்தோர் எத்தனை, காயம்பட்டோர் எத்தனை, குடித்துவிட்டு ஓட்டியதால் எத்தனை, வேகத்தால் எத்தனை என்று அதிகாரிகள் வரிசையாக அறிவிப்பார்கள். 2019 சோங்க்ரானில் அந்த ஏழு நாட்களின் கணக்கு 386 உயிர்கள். எட்டாம் நாள் அறிவிப்பு நின்றுவிடும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 18 ஆயிரம் என்றால் நாளொன்றுக்கு ஐம்பது பேர், ஏழு நாளுக்கு ஏறத்தாழ 350 பேர். எண்ணும் முறைகள் வேறு என்பதால் இவ்விரு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்துவிட முடியாது. திருநாள் வாரத்தில் இறப்போரை உடனுக்குடன் எண்ணுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் விபத்து நடந்து 30 நாட்களுக்குள் நேரும் மரணத்தையும் சேர்க்கிறது. ஆயினும் அபாய வாரத்துக்கும், எந்தப் பெயரும் சூட்டப்படாத ஒரு செப்டம்பர் வாரத்துக்கும் இடையே நாம் நினைத்துக்கொண்டிருக்கும் தொலைவு இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. இங்கே தங்கள் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன். நாள்தோறும் எண்ணி அறிவிக்க ஓர் அரசால் முடியும் என்பதைப் பெருந்தொற்று காட்டிவிட்டது. அறிவிக்கப்படும் எண்ணுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்; அறிவிக்கப்படாத எண்ணுக்கு எவரும் பொறுப்பாவதில்லை.

2020இன் இறுதியில் நானும் பாங்காக்கில் ஒரு விடுதியின் பதினோராம் மாடியில் 14 நாட்கள் அடைபட்டுக் கிடந்தேன். சாளரம் திறக்காது. மூன்று வேளையும் உணவுப் பையைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு மணியடித்துச் செல்வார்கள். வைத்தவர் மின்தூக்கிக்குள் போன பிறகே கதவைத் திறக்கலாம். காலையும் மாலையும் செவிலியர் தொலைபேசியில் அழைத்து உடல் வெப்பநிலையைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். அவருக்கு 36.4 என்று சொல்லிக்கொண்டே கீழே பார்ப்பேன்: ஒரே மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், நடுவில் சீருடை அணிந்த ஒரு குழந்தை, மூவரில் ஒருவர் தலையில்கூடத் தலைக்கவசம் இல்லை. பதினைந்தாம் நாள் சான்றிதழைக் கையில் கொடுத்து, விடுதியின் ஏற்பாட்டில் ஒரு காரில் ஏற்றி அனுப்பினார்கள். பின்னிருக்கையில் அமர்ந்து இடைவாரைத் தேடினேன். வார் இருந்தது. அதை மாட்டும் கொக்கி இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடந்தது. இரண்டு வாரம் என்னை அத்தனை கவனமாகக் காத்தவர்களுக்கு அந்தக் கொக்கி கண்ணில் படவில்லை. அவர்களைப் பாசாங்குக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று எது அபாயமாகத் தோன்றியதோ அதை மட்டும் பார்த்தார்கள். நம்மில் பெரும்பாலோரும் அப்படித்தான் இருக்கிறோம்.

கேள்வி: நிரந்தர வதிவுரிமை பெற்று ஆஸ்திரேலியாவில் வாழ்கிறேன். 2021 ஏப்ரல் இறுதியில் இந்தியாவில் என் தாயார் காலமானார். நாட்டைவிட்டு வெளியேறவே அரசின் அனுமதி கேட்க வேண்டிய காலம் அது. அனுமதி கிடைத்துப் போனாலும் திரும்பி வர முடியுமா என்று தெரியாது. இங்கே இரண்டு சிறு பிள்ளைகள். நான் போகவில்லை. இறுதிச் சடங்கைக் கைபேசித் திரையில் பார்த்தேன். ‘கட்டுப்பாடுகளால்தான் நாம் பிழைத்தோம்’ என்று இங்குள்ளவர்கள் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொங்குகிறது. இந்தக் கோபம் சரியா?
– ஒரு வாசகி, மெல்பர்ன்

பதில்: சரியான கோபம்தான், சகோதரி. அதை அடக்கிக்கொள்ளும்படி நான் சொல்லப்போவதில்லை.

தாங்கள் அனுபவித்தது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்நாட்களின் நிலையைச் சுருக்கமாக எழுதுகிறேன். 2020 மார்ச் 20 அன்று, குடிமக்களும் நிரந்தர வதிவுரிமை பெற்றோரும் அவர்களது நெருங்கிய குடும்பத்தினரும் தவிர மற்றவர்களுக்கு ஆஸ்திரேலியா தன் எல்லையை அடைத்தது. அந்த வாரத்துக்குள்ளேயே, குடிமக்களும் வதிவுரிமை பெற்றோரும் சிறப்பு அனுமதியின்றி வெளியே செல்வதும் தடுக்கப்பட்டது. இந்தத் தடை 2021 அக்டோபர் முடியும் வரை நீடித்தது. வாரத்துக்கு இத்தனை பேர்தான் உள்ளே வரலாம் என்ற உச்சவரம்பும் இருந்ததால், வெளியே சிக்கியவர்கள் பயணச்சீட்டு கையிலிருந்தும் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். தாங்கள் தாயாரை இழந்த சில நாட்களிலேயே, 2021 மே 3 முதல் 15 வரை, முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த எவரும், ஆஸ்திரேலியக் குடிமகனே ஆனாலும், உள்ளே வரக் கூடாது என்று ஆணை பிறந்தது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, 66,600 டாலர் வரை அபராதம். ஒருவர் தன் வீட்டுக்குத் திரும்புவதையே குற்றமாக்கிய ஆணை அது. தாங்கள் கிளம்பிப் போயிருந்தால் அதில் அகப்பட்டிருப்பீர்கள். அன்று பிள்ளைகளுக்காகத் தாங்கள் எடுத்த முடிவை இனிமேலாவது தங்கள் மேல் குற்றமாகச் சுமத்திக்கொள்ளாதீர்கள்.

கட்டுப்பாடுகள் உயிர்களைக் காத்தன என்பதும் உண்மை. கேட்க வேண்டியது, உயிர் காத்த விதிகளுக்குள் இத்தனை கடுமை தேவைப்பட்டதா என்பதுதான். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, எவரும் தம் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது. ‘சொந்த நாடு’ என்பது குடியுரிமை உள்ள நாட்டைவிட விரிவான பொருள் உடையது என்று அதற்கு விளக்கம் தரும் மனித உரிமைக் குழு 1999இலேயே எழுதி வைத்திருக்கிறது. நியூசிலாந்தில் இது நீதிமன்றம் வரை சென்றது. திரும்பி வருவோரைத் தனிமையில் வைப்பதை ஏற்றுக்கொண்ட உயர் நீதிமன்றம், தனிமை அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிய ஏற்பாடு குடிமக்கள் சிலரின் உரிமையை நியாயமின்றி மீறியது என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நான் மதிக்கும் அளவுகோல் இதுதான். தொற்றைத் தடுக்கும் செயலைத் தீர்ப்பு குறைசொல்லவில்லை. யாருடைய துயரம் எவ்வளவு அவசரமானது என்று பாராமல் அதிர்ஷ்டத்தின் கையில் விட்டதைத்தான் தவறென்றது.

குடியுரிமை இல்லாதவர்களின் பாடு இன்னும் மோசம். ஜப்பானில் 2020இல் பல மாதங்கள், வெளியே சென்ற ஜப்பானியர் திரும்பி வர முடிந்தது. பல்லாண்டு அங்கேயே வாழ்ந்து, வரி செலுத்தி, பிள்ளைகளைப் பள்ளியில் படிக்க வைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டவர் பலருக்கு அது மறுக்கப்பட்டது. கிருமிக்குக் கடவுச்சீட்டின் நிறம் தெரியாது. தனிமைப்படுத்தலும் பரிசோதனையும் எல்லோருக்கும் பொதுவாக இருந்திருந்தால் எவரும் முறையிட்டிருக்க மாட்டார்கள்.

பெருந்தொற்றில் அரசுகள் செய்த பிழைகளில் நான் மன்னிக்க முடியாததாகக் கருதுவது இதைத்தான். அங்கே வாழ்பவரைச் சுற்றுலா வந்தவரோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்கள். இதை எழுதும்போது வேறொன்றும் நெஞ்சில் உறுத்துகிறது. சாலையில் நாமே நம்மைச் சுற்றுலா வந்தவராகத்தான் நடத்திக்கொள்கிறோம். ‘இருக்கப்போவது சில ஆண்டுகள்தானே, உள்ளூர் உரிமம் எதற்கு, நல்ல தலைக்கவசம் எதற்கு’ என்று தள்ளிப்போடுகிறோம். அடுத்த கடிதம் அதைப் பற்றியதே.

கேள்வி: என் மகன் வேலைக்காகத் தாய்லாந்து சென்று மூன்று மாதமாகிறது. மோட்டார் சைக்கிளை மாத வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். அவனிடம் இருப்பது கார் ஓட்டும் உரிமம். ‘சர்வதேச உரிமம் வாங்கிவிட்டேன், பயணக் காப்பீடும் இருக்கிறது, நீங்கள் கவலைப்படாதீர்கள் அம்மா’ என்கிறான். நான் கவலைப்படுவது மிகையா?
– ஒரு தாய், சிங்கப்பூர்

பதில்: மிகையே இல்லை, அம்மா. இந்தப் பதிலை மகனுக்கே அனுப்பி வையுங்கள். இனி அவரிடமே பேசுகிறேன்.

தம்பி, சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது தனியொரு உரிமம் அல்ல. தங்கள் சொந்த உரிமத்தின் மொழிபெயர்ப்பு. சொந்த உரிமம் எதை அனுமதிக்கிறதோ அதை மட்டுமே அதுவும் அனுமதிக்கும். அதைப் பிரித்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு உரியது ‘ஏ’ பிரிவு, காருக்கு உரியது ‘பி’ பிரிவு. ‘பி’யில் மட்டும் முத்திரை இருந்தால், தாங்கள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் உரிமமில்லாமல் ஓட்டுகிறீர்கள். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அனுமதி ஓராண்டுக்கே செல்லும். 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படியானது மூன்றாண்டு வரை செல்லலாம். ஒன்றை ஏற்கும் நாடு மற்றதை ஏற்காமல் போவதும் உண்டு. வாடகைக்கு விடுபவர் இதையெல்லாம் கேட்பதில்லை. அவர் கேட்காததால் அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. வழியில் காவலர் நிறுத்தி அபராதம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாலும் அப்படியே.

இதன் விளைவு மருத்துவமனையில்தான் தெரியும். பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘விலக்குகள்’ என்ற பகுதியை இன்றே எடுத்துப் படியுங்கள். ஓட்டும் வண்டி வகைக்கு அந்நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும் என்பதும், தலைக்கவசம் அணிந்திருக்க வேண்டும் என்பதும், குடித்திருக்கக் கூடாது என்பதும் அங்கே எழுதப்பட்டிருப்பது வழக்கம். வண்டியின் இயந்திரத் திறனுக்கு வரம்பு வைத்திருப்பவர்களும் உண்டு. இவற்றில் ஒன்று பிசகினாலும் பணம் தர மறுப்பார்கள். சட்டப்படி அது சரியாகவும் இருக்கும். தாய்லாந்தில் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயக் காப்பீடு ஒன்று உண்டு. மருத்துவச் செலவுக்கு அதன் உச்சவரம்பு 80,000 பாட். தலையில் அறுவை சிகிச்சை என்றால் தனியார் மருத்துவமனையில் ஓரிரு நாட்களிலேயே அது தீர்ந்துவிடும். மீதித் தொகைக்குத்தான் ஊரிலிருக்கும் பெற்றோர் வீட்டுப் பத்திரத்தை எடுக்கிறார்கள்.

தாங்கள் அங்கே வேலை செய்பவர், சுற்றுலா வந்தவர் அல்லர். ஆகவே அந்நாட்டின் மோட்டார் சைக்கிள் உரிமத்தையே பெற்றுவிடுங்கள். தரைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் வசிப்பிடச் சான்றும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். நிறப் பார்வையையும் பிரேக் பிடிக்கும் வேகத்தையும் சோதிப்பார்கள். எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. முதலில் இரண்டாண்டு உரிமம், பிறகு ஐந்தாண்டு உரிமம். சில நாட்கள் விடுப்பு எடுக்க நேர்ந்தாலும் வாழ்நாளுக்குப் பயன்படும் செலவு அது.

தலைக்கவசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை நான் வண்டி எடுத்த இடத்தில் கொடுத்த தலைக்கவசத்தின் தாடைவாரில் கொளுவி உடைந்திருந்தது. வாரின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். முடிச்சுக்குள் தலையை நுழைத்தால் தாடைக்குக் கீழே ஒரு கை போகும் அளவு இடைவெளி. அது அபராதத்திலிருந்து காக்கும், தரையிலிருந்து காக்காது. சரியாக அணிந்த தலைக்கவசம் மரண அபாயத்தை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் ‘சரியாக’ என்ற சொல்தான் முக்கியம். வாரைப் பூட்டியபின் தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். தலையை வேகமாக இருபுறமும் ஆட்டினால் கவசம் தலையோடு திரும்ப வேண்டும். பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கித் தள்ளினால் கழன்று வரக் கூடாது. இம்மூன்றிலும் தேறும் ஒன்றைத் தாங்களே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொருவர் அணிந்து கீழே விழுந்த கவசம் வெளியில் புதிதாகத் தெரியலாம். உள்ளே நுரை நசுங்கியிருக்கும்.

அந்நாட்டில் சாலையில் இறப்போரில் நான்கில் மூன்று பங்கினர் இருசக்கர, முச்சக்கர வண்டிகளில் சென்றவர்களே. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழகிப்போய், புதிதாக வருவோருக்கு எவரும் சொல்லாமல் விடும் செய்திகள் சில உண்டு. எதிரே வரும் வாகனம் முகப்பு விளக்கை மின்னினால், பெரும்பாலும் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று பொருள். ‘நீ போ’ என்று எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். பிரிசுவர் வைத்த நெடுஞ்சாலைகளில் திரும்பும் இடங்கள் தொலைவில் இருப்பதால், சாலையோரமாக எதிர்த்திசையில் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும், விளக்கில்லாமலும் வரும். இடப்புறம் ஓட்டும் நாடு என்பதற்காக இடது ஓரத்தை நம்பிக் கண்ணயர்ந்துவிடக் கூடாது. மழை தொடங்கிய முதல் அரை மணி நேரம் சாலையில் தேங்கிய எண்ணெயும் தூசும் கலந்து வழுக்கும். அப்போது எங்காவது ஒதுங்கி நில்லுங்கள்.

கேள்வி: இடப்புறம் ஓட்டிப் பழகியவன் நான். அடுத்த மாதம் துபாய்க்கு மாறுகிறேன், அங்கே வலப்புறம். பழக எத்தனை நாளாகும்?
– ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: பழகிவிட்டது என்று தோன்றும் நாளில்தான் கவனம் தேவை. 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் நாடு முழுவதும் ஒரே விடியலில் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியது. குழப்பம் நேரும் என்று அஞ்சினார்கள். தொடக்கத்தில் விபத்துகள் குறைந்தன. எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஓட்டியதே காரணம். சில காலத்துக்குப் பிறகு எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

நெரிசலில் தவறு நேராது. முன்னே செல்லும் வாகனம் வழிகாட்டிவிடும். விடியற்காலையில் ஆளில்லாத சாலைக்குத் திரும்பும்போதும், பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போதும்தான் கை பழைய பக்கத்துக்குப் போகும். ஓட்டுநராகிய தாங்கள் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி அமர்ந்திருக்க வேண்டும் என்ற ஒரே குறிப்பை மனத்தில் வையுங்கள். நடந்து கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். லண்டனில் வெளிநாட்டவருக்காகவே எந்தப் பக்கம் பார்ப்பதென்று தரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். துபாயில் தாங்களே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: இன்னொரு பெருந்தொற்று வந்தால் மறுபடியும் இப்படித்தான் எல்லைகளை அடைப்பார்களா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: அடைக்கும் அதிகாரம் இன்றும் ஒவ்வொரு நாட்டின் கையில்தான் இருக்கிறது. பன்னாட்டுச் சுகாதார விதிகளின்படி, பயணத்தைப் பெரிதும் தடுக்கும் கூடுதல் நடவடிக்கை எடுக்கும் நாடு 48 மணி நேரத்துக்குள் காரணத்தோடு உலகச் சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தேவைக்கு மேல் கடுமை கூடாது. 2024இல் திருத்தப்பட்ட விதிகள் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன; பெருந்தொற்று உடன்படிக்கையும் 2025 மே மாதம் ஏற்கப்பட்டது. இவற்றில் எதுவும் ஒரு நாட்டின் கதவைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. எனவே கடவுச்சீட்டையும் வதிவு அனுமதியையும் காலாவதிக்குப் பல மாதங்கள் முன்பே புதுப்பித்துவிடுங்கள். தடுப்பூசிச் சான்றுகளைக் காகிதத்திலும் வைத்திருங்கள். வயதான பெற்றோர் ஊரில் இருந்தால், தாங்கள் வர இயலாதபோது சிகிச்சையிலும் பணத்திலும் முடிவெடுக்க அருகிலிருக்கும் ஒருவருக்கு எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்து வையுங்கள். இதைப் பேசப் பலருக்கும் நா எழுவதில்லை. மெல்பர்ன் சகோதரியின் கடிதத்தைப் படித்த பிறகாவது பேசிவிடுங்கள்.

கேள்வி: பதினாறு ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழ்கிறேன். நம்மவர்கள் கூடும் இடங்களில் எல்லாம் இந்த ஊர்ச் சாலையைப் பற்றிய ஏச்சுப்பேச்சுதான். பிழைக்க வந்த இடத்தில் குறை சொல்வது முறையா? நமக்கென்ன உரிமை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டாயா

பதில்: உரிமை உண்டு, ஐயா. அந்தச் சாலையில் தாங்களும்தான் நடக்கிறீர்கள். ஆனால் பேசும் விதத்தில் தங்களுக்கு உள்ள வருத்தம் எனக்கும் உண்டு. ‘இவர்கள் குணமே இப்படி’ என்பது அவமதிப்பு, உண்மையும் இல்லை. உலகின் சாலை மரணங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் நடுத்தர, குறைந்த வருவாய் நாடுகளில் நேர்கின்றன. அங்குள்ளவர்கள் எல்லாம் குணம் கெட்டவர்களா? மலிவான வண்டி, நடைபாதை இல்லாத நெடுஞ்சாலை, தாமதமாக வரும் ஆம்புலன்ஸ், ஆளுக்கு ஏற்ப வளையும் சட்டம் ஆகியவையே காரணங்கள். மனிதர் தவறு செய்வார் என்பதை ஏற்று, அந்தத் தவறு மரணமாகாதபடி சாலையை அமைப்பது அரசின் கடமை என்ற கொள்கையைச் சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டது. குணத்தைத் திட்டுபவர்கள் அந்தக் கடமையை மறக்கடித்துவிடுகிறார்கள். தலைக்கவசமின்றிச் செல்லும் வெளிநாட்டவரைப் பட்டாயாவில் தாங்களே நாள்தோறும் பார்ப்பீர்கள்.

மாற்றம் அந்நாட்டு மக்களிடமிருந்தே எழுந்ததையும் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். 2022 ஜனவரியில் பாங்காக்கில் ஒரு மருத்துவமனைக்கு எதிரே, பாதசாரிகளுக்கான கோட்டில் நடந்து சென்ற இளம் கண் மருத்துவர் ஒருவர் மோட்டார் சைக்கிள் மோதி உயிரிழந்தார். ஓட்டி வந்தவர் ஒரு காவலர். நாடே கொதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால், கடக்கும் கோட்டில் நிற்காமல் செல்வதற்கான அபராதம் 4,000 பாட் வரை உயர்ந்தது. 2023 ஜனவரியில் உரிமத்திலிருந்து புள்ளிகளைக் கழிக்கும் முறையும் வந்தது.

நாம் செய்யக்கூடியது இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டுச் சொல்வது. நான் வசித்த தெருமுனையில், ஒரு பள்ளிக்கு எதிரே, கடக்கும் கோடு தேய்ந்து இரண்டு வெள்ளைத் துண்டுகள் மட்டும் எஞ்சியிருந்தன. எங்கள் அடுக்ககத்தில் குடியிருந்த தாய்லாந்துப் பெரியவர் ஒருவர் அவர்கள் மொழியில் மனு எழுதினார். காலை ஏழு முதல் எட்டு மணிக்குள் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், எத்தனை வண்டிகள் நிற்காமல் போகின்றன என்று ஐந்து நாட்கள் நின்று எண்ணி நான் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்துக் கோடு புதிதாகப் போடப்பட்டது. விளக்குக் கம்பம் வரவில்லை. நான் ஊர் மாறிய பிறகு அதற்காக இரண்டாவது மனுவை அவர் அனுப்பியிருக்கிறார். எண்ணுவதற்கு இப்போது அவருடைய பேத்தி நிற்கிறாளாம்.